காரைக்குடிக்கு எந்தப் பெட்ரோல் கார்? புகையை வைத்து ஒரு கணக்கு

செட்டிநாட்டில் ஓடும் பெட்ரோல் கார்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம். செக்காலையில் கிளம்பி கல்லுக்கட்டி, கொப்புடையம்மன் கோயில், கழனிவாசல் என்று ஊருக்குள்ளேயே சுற்றிவிட்டு வீடு திரும்பும் வண்டி ஒரு வகை. வாரம் தவறாமல் திருச்சிக்கோ மதுரைக்கோ போய் வருவது இன்னொரு வகை. மூன்றாவது வகையை வேறு ஊர்களில் இவ்வளவு பார்க்க முடியாது. வீட்டுக்காரர்கள் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ சென்னையிலோ இருப்பார்கள், வண்டி கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ பெரிய வீட்டு ஷெட்டில் நிற்கும், கல்யாணம், சாந்தி, படைப்பு, கும்பாபிஷேகம் என்றால்தான் வெளியே வரும்.

கார் எலக்ட்ரிகல் வேலையும், வண்டிக் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் வேலையும் பார்க்கிறவன் என்பதால் எந்தப் பெட்ரோல் வண்டி வாங்கலாம் என்று என்னிடம் கேட்டு வருகிறவர்கள் உண்டு. மைலேஜ், பிக்கப், விலை, சன்ரூஃப் எல்லாவற்றையும் அவர்களே விசாரித்து வைத்திருப்பார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: ஒரு தடவை ஸ்டார்ட் செய்தால் வண்டி எத்தனை நிமிடம் ஓடும்? பத்து நிமிடமா, ஒன்றரை மணி நேரமா? அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் எந்த இன்ஜின் என்பது பாதி முடிவாகிவிடும், ஏனென்றால் இன்றைய பெட்ரோல் காரில் புகையைச் சுத்தம் செய்கிற சாமான்களில் முக்கியமானவை சூடேறினால்தான் வேலை செய்யும், அந்தச் சூட்டுக்கு எந்த இன்ஜின் எவ்வளவு சீக்கிரம் போகிறது, போகாவிட்டால் எது கெடுகிறது என்பதில்தான் வண்டிக்கு வண்டி வித்தியாசம்.

குழாய்க்குள் நடப்பது

பெட்ரோல் எரியும்போது கரியமில வாயுவும் நீராவியும் வருவது இயல்பு. கூடவே மூன்று கெட்ட சரக்கும் வரும். அரைகுறையாக எரிந்ததால் கார்பன் மோனாக்சைடு, எரியாமலே தப்பித்த பெட்ரோல் ஆவியான ஹைட்ரோகார்பன், சிலிண்டரின் கடும் சூட்டில் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து உண்டாகும் நைட்ரஜன் ஆக்சைடுகள். இந்த மூன்றையும் ஒரே இடத்தில் அடக்குவதுதான் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். மேலே தகர உறை, உள்ளே நெடுக நுண்ணிய துளைகள் ஓடும் பீங்கான் கட்டி, அந்தத் துளைகளின் சுவரில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு. முதல் இரண்டு வாயுக்களுக்கு ஆக்சிஜனைச் சேர்த்து எரித்து முடிக்கிறது, மூன்றாவதிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கி வெறும் நைட்ரஜனாக விடுகிறது.

சேர்ப்பதும் பிடுங்குவதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும் என்பதால் கலவை சரியாக இருந்தாக வேண்டும். சுத்தப் பெட்ரோலுக்கு ஒரு கிலோ எரிபொருளுக்கு 14.7 கிலோ காற்று. 20 சதவீத எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலுக்கு அது ஏறத்தாழ 13.5 ஆகிவிடும். இந்த அளவை விட்டுக் கொஞ்சம் விலகினாலும் மூன்றில் ஏதோ ஒன்று சுத்தமாகாமல் வெளியே போகும். அதனால் இன்ஜின் கம்ப்யூட்டர் கண்ணை மூடிக்கொண்டு பெட்ரோல் ஊற்றுவதில்லை, கன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்துப் பார்த்து நொடிக்கு நொடி கூட்டிக் குறைக்கிறது. அந்த சென்சார் ஒரு சிர்கோனியா பீங்கான். ஒரு பக்கம் வெளிக்காற்று, மறுபக்கம் புகை, இரண்டிலும் ஆக்சிஜன் வேறுபட்டால் அதுவே மின்சாரம் உண்டாக்கும், அதாவது அது ஒரு மின்வேதிக் கலம். 1948ல் நேரு அடிக்கல் நாட்டி, அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953ல் திறந்த நம் சிக்ரி ஆராய்ச்சி நிலையம் ஆராய்கிற துறையே மின்வேதியியல்தான். காரைக்குடிப் பிள்ளைகளுக்கு இந்த சென்சாரைப் பாடமாகச் சொல்லிக் கொடுப்பது சுலபம் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

கன்வெர்ட்டர் வேலையைத் தொடங்க 250 முதல் 300 டிகிரி சூடாவது வேண்டும். அதற்கு முன் வருவதெல்லாம் அப்படியே தெருவுக்குத்தான். ஒரு சிறிய பயணத்தில் வெளியேறும் ஹைட்ரோகார்பனில் பெரும்பங்கு கிளப்பிய முதல் ஓரிரு நிமிடத்திலேயே போய்விடுகிறது. இதைச் சமாளிக்கத்தான் இப்போதெல்லாம் கன்வெர்ட்டரை வண்டியின் நடுவில் மாட்டாமல் இன்ஜினை ஒட்டி, புகை முதலில் வெளியேறும் குழாயான மேனிஃபோல்டுக்குக் கீழேயே வைக்கிறார்கள். காலையில் கிளப்பியதும் ஐட்லிங் கொஞ்ச நேரம் ஏறி நிற்குமே, அதுவும் இதற்காகத்தான். கம்ப்யூட்டர் வேண்டுமென்றே ஸ்பார்க்கைத் தாமதப்படுத்திச் சூட்டைப் புகைக்குழாய்க்குத் தள்ளுகிறது. "புது வண்டி, ஸ்டார்ட் பண்ணா உறுமுதே" என்று வருகிறவர்களிடம் நான் சொல்வது, அது உறுமட்டும் ஐயா, அரை நிமிடத்தில் தானாக இறங்கிவிடும்.

சாதா இன்ஜின்

காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ கிடையாது, பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் சிலிண்டருக்கு வெளியே, காற்று நுழையும் இன்டேக் வழியில் இருக்கும், வால்வின் முதுகில் பெட்ரோலைத் தெளிக்கும். இதைப் போர்ட் இன்ஜெக்‌ஷன் என்பார்கள். வேகன் ஆர், ஸ்விஃப்ட், அமேஸ், ஐ20யின் 1.2 எல்லாம் இந்த வகை. ஷோரூமில் இதைப் பெருமையாக யாரும் விற்பதில்லை, ஏதோ ஏழைக்கு ஏற்ற இன்ஜின் என்பது போல ஒரு பேச்சு.

ஊருக்குள் சுற்றுகிற வண்டிக்கு இதுதான் சரி என்பேன். பெட்ரோல் உள்ளே போவதற்குள் சூடான வால்வில் பட்டு ஆவியாகி, காற்றோடு நன்றாகக் கலந்துவிடுகிறது. நன்றாகக் கலந்தால் கரித்துகள் குறைவு. புகைக்கும் கன்வெர்ட்டருக்கும் நடுவில் சூட்டை உறிஞ்ச வேறு சாமான் எதுவும் இல்லாததால் அது சீக்கிரம் சூடாகும். பெட்ரோல் ஓயாமல் கழுவுவதால் இன்டேக் வால்வில் கரி படிவதும் குறைவு. ஏதாவது கெட்டால் இன்ஜெக்டர், ஸ்பார்க்குக்கு மின்சாரம் கொடுக்கும் காயில், பிளக் எல்லாம் காரைக்குடியிலேயே கிடைக்கும், மாற்றவும் ஆள் உண்டு. கடைசியாகச் சொன்னதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள், சிலிண்டரில் பெட்ரோல் சரியாகப் பற்றாமல் மிஸ்ஃபயர் அடிக்கிற வண்டியை பார்ட்ஸ் வரட்டும் என்று பத்து நாள் ஓட்டினால் கன்வெர்ட்டர் போய்விடும், அதைக் கீழே சொல்கிறேன்.

குறை என்றால், நான்கு பேரோடு ஏசி போட்டுக்கொண்டு ஓவர்டேக் செய்யும்போது ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதிக்க வேண்டும். முழு மிதியில் பெரும்பாலான பெட்ரோல் இன்ஜின்கள் அந்தச் சரியான கலவையை விட்டுப் பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டிக் குடிக்கப் பார்க்கும், அந்த நேரம் கார்பன் மோனாக்சைடு ஏறும். வாரம் இரண்டு முறை திருச்சி போகிறவருக்கு இது ஒரு யோசனைதான். மாதம் ஒரு முறை பிள்ளையார்பட்டி, குன்றக்குடி போகிறவருக்கு யோசிக்கவே தேவையில்லை.

டர்போ, டைரக்ட் இன்ஜெக்‌ஷன்

இப்போது இளவட்டங்கள் எல்லாரும் கேட்பது இதைத்தான். ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடாவின் 1.0 டிஎஸ்ஐ, ஹூண்டாய், கியாவின் 1.0 டர்போ, மஹிந்திராவின் டிஜிடிஐ, மாருதி ஃப்ராங்ஸில் வரும் பூஸ்டர்ஜெட், எல்லாவற்றிலும் இன்ஜெக்டர் நேராகச் சிலிண்டருக்குள் மிக அதிக அழுத்தத்தில் பீய்ச்சும். சின்ன இன்ஜினில் பெரிய இழுவை, நெடுஞ்சாலையில் நல்ல மைலேஜ், ஓட்டிப் பார்த்தவர்களுக்கு சாதா இன்ஜினுக்குத் திரும்பவே மனசு வராது. நல்ல இன்ஜின்கள்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

புகை விஷயத்தில் அவற்றின் பிரச்சினை கரித்துகள். சிலிண்டருக்குள் நேராகப் பீய்ச்சும்போது பெட்ரோல் கலக்கக் கிடைக்கிற நேரம் மிகக் குறைவு, அதிலும் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது கொஞ்சம் பிஸ்டன் தலையிலும் சிலிண்டர் சுவரிலும் ஈரமாக ஒட்டிக்கொண்டு புகைந்து எரியும். கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய கரி அதிலிருந்து வருகிறது. வண்டிப் புகைக்கு அரசு வைத்திருக்கும் பிஎஸ் 6 விதியில் துகள் எண்ணிக்கைக்கு வரம்பு இருப்பது பெட்ரோல் வண்டிகளில் டைரக்ட் இன்ஜெக்‌ஷனுக்கு மட்டும்தான் என்பதே விஷயத்தைச் சொல்லிவிடும். இப்போதைய வரம்பு கிலோமீட்டருக்கு 60,000 கோடி துகள்கள். கேட்க மலைப்பாக இருந்தாலும் இந்தத் துகள்களின் அளவுக்கு அது கடுமையான வரம்பு. அதை எட்ட இன்ஜெக்டர் அழுத்தத்தைக் கூட்டினார்கள், ஒரே சுற்றில் பலமுறை பிரித்துப் பீய்ச்சினார்கள், சில வண்டிகளில் டீசலில் இருப்பது போலத் துகள் வடிகட்டியே வைத்தார்கள்.

பழைய டைரக்ட் இன்ஜெக்‌ஷன் வண்டி ஒன்றின் சைலன்ஸர் வாய்க்குள் விரலை விட்டுப் பாருங்கள், மை தடவியது போலக் கறுப்பு ஒட்டும், துடைத்தாலும் நகக்கண்ணில் நிற்கும். வடிகட்டி வைத்த புது வண்டியில் அதே இடம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடிய பிறகும் ஏறக்குறையச் சாம்பல் நிறத்திலேயே இருக்கும். ஆனால் அந்தக் கரி எங்கும் போய்விடவில்லை, வடிகட்டிக்குள் தங்குகிறது. அது எரிந்து தீர நல்ல சூடும் கொஞ்சம் ஆக்சிஜனும் வேண்டும், நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்து ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்கும்போது பெட்ரோல் நின்று வெறும் காற்று மட்டும் போகுமே, அப்போதுதான் இரண்டும் சேர்ந்து கிடைக்கும். காரைக்குடியிலிருந்து திருச்சி போகிற வண்டிக்கு இது வழியிலேயே நடந்துவிடும், ஓட்டுகிறவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. செக்காலையிலேயே சுற்றும் வண்டிக்கு அந்தச் சூடு வராது.

வேறு மூன்றும் உண்டு. டர்போவின் இரும்பு கன்வெர்ட்டருக்கு முன்னால் உட்கார்ந்து முதல் சூட்டை அது குடித்துவிடுகிறது. சின்னச் சின்ன ஓட்டத்தில் சுவரில் ஒட்டிய பெட்ரோல் இன்ஜின் ஆயிலில் இறங்கி ஆயிலை நீர்க்கச் செய்கிறது, அது ஆவியாகி வெளியேற இன்ஜின் நன்றாகச் சூடாக வேண்டும், ஊருக்குள் அதற்கும் வாய்ப்பில்லை. அப்புறம் இன்டேக் வால்வு. அதைக் கழுவப் பெட்ரோல் வராததால் ஆயில் ஆவி அதில் கரியாகப் படிகிறது, பெட்ரோலில் ஊற்றும் எந்த மருந்தும் அந்த இடத்துக்குப் போகாது, கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும்.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். குளிர் ஸ்டார்ட்டில் துகள் கொட்டும் என்று இணையத்தில் படிப்பதில் நிறைய ஐரோப்பியக் குளிரை வைத்து எழுதியது. நம் ஊரில் மார்கழிக் காலையில்கூட அந்தக் குளிர் கிடையாது, பெட்ரோல் சீக்கிரம் ஆவியாகும், அதனால் துகளும் அந்த அளவுக்கு வராது. கன்வெர்ட்டருக்குத்தான் 5 டிகிரியிலிருந்து 300க்குப் போவதும் 30லிருந்து போவதும் பெரிய வித்தியாசம் இல்லை.

ஆகவே வாரா வாரம் நெடுந்தூரம் ஓடுகிறவர் டர்போ டைரக்ட் இன்ஜெக்‌ஷன் வாங்கலாம், 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரானதாகப் பார்த்து வாங்குங்கள். அந்த மாதத்திலிருந்துதான் பிஎஸ் 6ன் இரண்டாம் கட்டம், சோதனைக்கூடத்தில் மட்டும் தேறினால் போதாது, சாலையில் ஓடும்போது அளந்தாலும் வரம்புக்குள் இருக்க வேண்டும் என்று வந்தது. பழைய டர்போவை செகண்ட் ஹேண்டில் மலிவாக வாங்கி ஊருக்குள் ஓட்டுவதுதான் நான் பார்த்ததில் மோசமான கூட்டணி.

ஸ்ட்ராங் ஹைபிரிட்

பெட்ரோல் இன்ஜினோடு வண்டியை ஓட்டும் மின் மோட்டாரும் பெரிய பேட்டரியும் சேர்ந்தவை: கிராண்ட் விட்டாரா, ஹைரைடர், இன்னோவா ஹைகிராஸ், சிட்டி ஹைபிரிட். புகையை மட்டும் பார்த்தால் பெட்ரோல் ஊற்றி ஓடுவதில் இவைதான் முதலிடம். சிக்னலில் இன்ஜின் நின்றுவிடும், மெதுவான ஓட்டத்தில் மோட்டார் பார்த்துக்கொள்ளும். இன்ஜின் கிளம்பும்போதும் பெரிய மோட்டார் அதை நல்ல வேகத்துக்குச் சுற்றிவிட்ட பிறகே பெட்ரோல் விழும், சாதா ஸ்டார்ட்டரில் கிளப்பும்போது வருகிற அந்த முதல் மூச்சுப் புகை குறைந்துவிடுகிறது. பேட்டரி நிறைந்திருந்தாலும் சில சமயம் காலையில் இன்ஜின் தானாக ஓடுவதைக் கவனித்திருப்பீர்கள், கன்வெர்ட்டரைச் சூடாக்க அது தானே ஓடிக்கொள்கிறது. கிராண்ட் விட்டாரா ஹைபிரிட்டுக்கு அரசுச் சோதனை மைலேஜ் 27.97. சாலையில் அவ்வளவு வராவிட்டாலும் அந்த அளவு வண்டிக்கு டவுனுக்குள் கிடைப்பது மிக நல்ல மைலேஜ்.

ஆனால் அதே வண்டியின் சாதா மாடலை விடப் பல லட்சம் கூட. அந்தக் காசு பெட்ரோலில் திரும்ப வர நிறைய ஓட வேண்டும். காரைக்குடியில் டாக்டர் ஒருவர், தினமும் புதுக்கோட்டைக்கும் தேவகோட்டைக்கும் போய் வருகிறார் என்றால் வாங்கட்டும், கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஷெட்டில் நிற்கப் போகிற வண்டிக்கு மட்டும் வேண்டவே வேண்டாம். பெரிய பேட்டரி எவ்வளவு நன்றாக இருந்தாலும் சின்ன 12 வோல்ட் பேட்டரி இறங்கிவிட்டால் சிஸ்டமே உயிர் பெறாது, தள்ளியும் கிளப்ப முடியாது. வேன் பிடித்துச் சொந்தக்காரர்கள் எல்லாம் வந்து இறங்கியிருக்கும் நேரத்தில் வண்டி அசையாமல் நின்றால் யாருக்கும் நல்லதில்லை.

இயற்கை எரிவாயுவில் ஓடும் சிஎன்ஜி வண்டி பற்றிச் சுருக்கமாக: துகள் குறைவு, பெட்ரோல் ஆவிப் பிரச்சினை குறைவு, செலவும் குறைவு. எரியாமல் தப்புகிற மீத்தேனை எரிக்கக் கன்வெர்ட்டர் வழக்கத்தைவிட அதிகம் சூடாக வேண்டும் என்பது அதன் குறை. டிக்கியில் சிலிண்டர் உட்கார்ந்திருப்பதால் சீர் சாமான் ஏற்றுகிற வீட்டுக்கு ஒத்துவராது, தளத்துக்கு அடியில் இரட்டைச் சிலிண்டர் வைத்த மாடல்கள் இந்தக் குறையைக் கொஞ்சம் தீர்க்கின்றன. உங்கள் வழியில் பங்க் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மேற்கொண்டு யோசியுங்கள். வெளியில் கிட் மாட்டுவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன், கம்பெனியே மாட்டித் தருவதில் மட்டும்தான் கம்ப்யூட்டரும் கன்வெர்ட்டரும் அதற்கென்று அமைந்திருக்கும்.

வீட்டில் இருக்கும் பழைய வண்டி

பழைய வண்டியைச் சரிசெய்து வைத்துக்கொள்வதைப் பலர் ஒரு வழியாகவே எடுத்துக்கொள்வதில்லை. செக் இன்ஜின் லைட் எரிந்தது, கன்வெர்ட்டர் போச்சு, விற்றுவிட்டுப் புதுசு வாங்கு என்று முடித்துவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள்.

பிஎஸ் 4 நாடு முழுக்க வந்தது 2017 ஏப்ரலில், பிஎஸ் 6 வந்தது 2020 ஏப்ரலில். டீசலுக்கு இந்த இரண்டுக்கும் நடுவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். பெட்ரோலுக்கு அப்படி இல்லை. கார்பன் மோனாக்சைடு வரம்பு இரண்டிலும் கிலோமீட்டருக்கு ஒரு கிராம்தான், நைட்ரஜன் ஆக்சைடு 0.08 கிராமிலிருந்து 0.06 ஆனது. 2020ல் பெட்ரோலில் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 ஆகக் குறைந்ததால் பழைய கன்வெர்ட்டருக்கும் நன்மைதான், கந்தகம் அதன் பூச்சை மந்தமாக்கும். ஆக, கன்வெர்ட்டர் நல்ல நிலையில் இருக்கும் ஒரு பிஎஸ் 4 சாதா பெட்ரோல் வண்டி புகை விஷயத்தில் புது வண்டிக்கு ரொம்பத் தூரத்தில் இல்லை. கன்வெர்ட்டர் செத்துப்போன பிஎஸ் 4 வண்டியோ, கன்வெர்ட்டரே இல்லாத காலத்து வண்டிக்கு ஏறக்குறையச் சமம். இந்தியாவில் புதுப் பெட்ரோல் காருக்கு முதலில் இதைக் கட்டாயமாக்கியது 1995ல், அதுவும் நான்கு பெருநகரங்களில் மட்டும். ஈயப் பெட்ரோல் முழுசாக ஒழிந்தது 2000ல். அதற்கு முந்திய காலத்துக்கு நம் தெருவைத் திருப்பிக் கொண்டுபோவதா?

தேவகோட்டையிலிருந்து ஒரு ஆச்சி தன் மகன் விட்டுவிட்டுப் போன ஹாட்ச்பேக்கோடு வந்தார். லைட் எரிகிறது, வேறு ஒரு இடத்தில் கன்வெர்ட்டரை உடைத்து உள்ளே இருப்பதைத் தட்டிக் கொட்டிவிடலாம், வெறும் கூட்டை மாட்டிவிடலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

"அப்படிச் செஞ்சா மைலேஜும் கூடும்னாங்களே தம்பி?"

"இல்லைங்க ஆச்சி. அடைச்சுப்போன கன்வெர்ட்டர்னா மைலேஜ் குறையும். அடைப்பில்லாததைத் தட்டி எடுத்தா ஒண்ணும் கூடாது. புகை மட்டும்தான் கூடும்."

ஸ்கேனரில் இரண்டு ஆக்சிஜன் சென்சாரையும் ஒரே திரையில் போட்டு அவரிடம் காட்டினேன். கன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கும் சென்சாரின் கோடு 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது, அது சரி, கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைப்பதன் அடையாளம் அது. பின்னால் இருக்கும் சென்சாரின் கோடு 0.6, 0.7 பக்கத்தில் ஏறக்குறைய நேர்கோடாக நிற்க வேண்டும், ஏனென்றால் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் சீரியம் பூச்சு மிஞ்சின ஆக்சிஜனை வாங்கிவைத்துக் குறையும்போது விட்டுக் கொடுக்கும், அந்த ஏற்ற இறக்கம் உள்ளேயே அடங்கிவிடும். இந்த வண்டியில் பின் கோடும் முன் கோட்டோடு சேர்ந்து ஆடியது. பி 0420 என்று ஸ்கேனரில் வரும் கோளாறு எண் (எரர் கோட்) சொல்வது இதைத்தான்.

ஆனால் அந்தக் கோளாறு எண் வந்த உடனேயே கன்வெர்ட்டரை மாற்றக் கூடாது. நடுவில் குழாயில் ஓட்டை இருந்து வெளிக்காற்று புகுந்தாலும், பின் சென்சாரே கெட்டிருந்தாலும் இதே எண் வரும், எலி ஒயரைக் கடித்தாலும் சென்சார் கோளாறு எண் ஏதாவது வந்து நிற்கும். பெரிய வீட்டு ஷெட்களில் எலி சர்வ சாதாரணம். ஆச்சி வண்டியில் குழாயும் ஒயரும் சரியாக இருந்தன. பதிவாகியிருந்த பழைய கோளாறு எண்களில் மிஸ்ஃபயர் இருந்தது, ஒரு காயில் விட்டு விட்டு வேலை செய்துகொண்டிருந்தது. அதுதான் ஆணிவேர். பற்றாத பெட்ரோல் அப்படியே கன்வெர்ட்டருக்குப் போய் அங்கே எரிந்தால் பீங்கான் உருகிவிடும், உடைந்தால் கலகலவென்று சத்தம் கேட்கும். காயிலை மாற்றாமல் கன்வெர்ட்டரை மட்டும் மாற்றியிருந்தால் புதுசும் அதே வழியில் போயிருக்கும். ஆயில் குடிக்கிற இன்ஜினுக்கும் இதே கதை, ஆயிலில் இருக்கும் பாஸ்பரஸும் துத்தநாகமும் பூச்சை மூடிவிடும், முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

இனி என்ன மாட்டுவது? ஒரிஜினல் கன்வெர்ட்டர் வண்டியைப் பொறுத்துப் பல பத்தாயிரம் கேட்கும், வலிக்கும். வெளிக்கம்பெனிச் சரக்கு பாதிக்கும் குறைவாகக் கிடைக்கும், ஆனால் உள்ளே பூச்சு எவ்வளவு என்று வாங்குகிறவர் பார்க்க வழியில்லை, பூச்சு குறைந்தது என்றால் கொஞ்ச நாளில் லைட் மறுபடி எரியும். இன்ஜின் நன்றாக இருந்து, வண்டியை இன்னும் ஐந்தாறு வருடம் வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் ஒரிஜினல் போடுங்கள். இன்ஜினே ஆயில் குடித்துக்கொண்டு, ஆர்சி புதுப்பிக்க வேண்டிய 15 வருடமும் நெருங்குகிறது என்றால் அந்தக் காசைப் புது வண்டியின் முன்பணமாக வைத்துக்கொள்ளுங்கள். கன்வெர்ட்டர் சுத்தம் செய்யும் திரவம் என்று விற்பது உருகிப்போனதை மீட்காது. பழைய கன்வெர்ட்டரைக் கையோடு கேட்டு வாங்குங்கள், அதில் இருப்பது பிளாட்டினமும் பல்லேடியமும் ரோடியமும், பழைய சரக்காகவே அதற்கு நல்ல விலை உண்டு.

தட்டிக் கொட்டுவது, பின் சென்சாருக்கு டம்மி மாட்டுவது, கம்ப்யூட்டரில் கோளாறு எண்ணை அணைத்துவிடுவது, இந்த மூன்றையும் நான் செய்வதில்லை, செய்யவும் விடமாட்டேன். மோட்டார் வாகனச் சட்டம் 190(2)ன்படி புகை விதியை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம் என்பது ஒரு பக்கம். பங்க்கில் எடுக்கும் புகைச் சான்றிதழை நம்பி மனசைத் தேற்றிக்கொள்கிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும், அந்தச் சோதனை பிஎஸ் 4 பெட்ரோல் வண்டிக்கு ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்குள், ஹைட்ரோகார்பன் பத்து லட்சத்தில் 200 பங்குக்குள் இருக்கிறதா என்று பார்க்கும், நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதே இல்லை. தாள் கையில் இருந்தாலும் அந்தப் புகை திண்ணையில் உட்கார்ந்திருக்கிறவர்கள் மூக்குக்குத்தான் போகிறது.

நிற்கிற வண்டி

ஓடாத வண்டிக்கும் புகை உண்டு என்றால் நம்பமாட்டார்கள். டேங்கில் இருக்கும் பெட்ரோல் பகல் சூட்டில் ஆவியாகி விரிந்துகொண்டே இருக்கும். அதைக் காற்றில் விடாமல் பிடித்து வைக்கக் கரித்தூள் நிரப்பிய ஒரு டப்பா இருக்கிறது, கேனிஸ்டர். இன்ஜின் ஓடும்போது ஒரு வால்வு திறந்து அந்த ஆவியை உறிஞ்சி எரித்துவிடும், டப்பா காலியாகும். வண்டி ஓடாமல் சித்திரை வெயிலில் வாரக்கணக்கில் நின்றால் டப்பா நிறைந்து, அதற்கு மேல் வருவது வெளியேதான். அதனால் நிறுத்தி வைக்கிற வண்டியை ஓட்டுக்கூரையின் நிழலில் நிறுத்துங்கள், தகர ஷெட்டை விட அது எவ்வளவோ மேல். பங்க்கில் தானாகக் கட் ஆன பிறகு "ரவுண்டா போடுப்பா" என்று மேலும் ஊற்றுவதை விட்டுவிடுங்கள், வழிகிற பெட்ரோல் அந்த டப்பாவுக்குள் போனால் கரித்தூள் கெட்டுவிடும்.

பேட்டரி இறங்கிய வண்டியை நாலு பேர் சேர்ந்து தள்ளிக் கிளப்புவதும் வேண்டாம். ஒவ்வொரு உதறலுக்கும் பற்றாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குப் போகும். ஜம்ப் கேபிள் ஒன்று வாங்கி டிக்கியில் போட்டு வைப்பது சுலபம்.

ஆகவே வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊருக்கு ஒரு வண்டி வேண்டும் என்கிறவர்களுக்கு நான் சொல்வது சாதா பெட்ரோல், கியர் வண்டியோ, தானாகக் கியர் மாற்றும் ஏஎம்டியோ. வீட்டில் ஏற்கெனவே ஆரோக்கியமான பிஎஸ் 4 இருந்தால் புதுசே வேண்டாம், அதைச் சரிசெய்து வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டியைப் பார்த்துக்கொள்கிறவரிடம் ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லி வையுங்கள். மாதம் ஒரு முறை ஷெட்டுக்குள்ளேயே ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைக்கிற பழக்கம் எல்லா வீட்டிலும் இருக்கிறது. அந்த ஐந்து நிமிடத்தில் பேட்டரிக்கு ஏறுவது கிளப்பச் செலவானதற்கே சரியாகிவிடும், சைலன்ஸரில் தண்ணீர் தங்கும், ஆயில் சூடாகாது. குளிர்ந்த இன்ஜினும் சூடாகாத கன்வெர்ட்டரும் சேர்ந்து விடுகிற கார்பன் மோனாக்சைடு மூடிய ஷெட்டில் நிறைந்தால் ஆளையே கொல்லும், அதற்கு வாடையும் கிடையாது. அதற்குப் பதிலாக வண்டியை வெளியே எடுத்து, பதினைந்து நாளுக்கு ஒரு முறை, காரைக்குடியில் இருந்தால் பிள்ளையார்பட்டிக்கும் கானாடுகாத்தானில் இருந்தால் திருமயத்துக்கும் ஒரு நடை ஓட்டிவிட்டு வரச் சொல்லுங்கள், ஏசி போட்டே போகட்டும், போக வர அரை மணி நேரமாவது இன்ஜின் நிற்காமல் ஓட வேண்டும்.